வக்கீலும் தலீலும் இல்லாத சட்டம்

சென்ற மாதம் ஐந்தாம் ஜும்ரா மாணவர்களுக்கு விடுதலைப் போராட்ட வரலாறு நடத்திக்கொண்டிருந்தபோது, 1919ஆம் ஆண்டில் வட இந்தியத் தெருக்களில் ஒலித்த ஒரு முழக்கத்தைக் கரும்பலகையில் எழுதினோம். வக்கீல் இல்லை, தலீல் இல்லை, அப்பீல் இல்லை என்பது அதன் பொருள். மூன்று சொற்களில் இரண்டு நம் மாணவர்கள் அன்றாடம் புழங்குபவை. ஒருவர் சார்பில் மற்றொருவர் பொறுப்பேற்கும் வகாலத்தைப் பற்றி ஹிதாயாவில் தனிப் பாடமே இருக்கிறது. தலீல் காட்டாமல் ஒரு மஸ்அலாவைச் சொல்லிவிட்டு வகுப்பிலிருந்து எவரும் தப்பிவிட முடியாது. ஆகவே முன்வரிசையில் இருந்த ஒரு மாணவர் உடனே எழுந்து, “தலீலே இல்லாமல் எப்படி ஹஜ்ரத் தண்டனை கொடுப்பார்கள்?” என்று கேட்டார்.

பதில் சொல்ல அன்றைய பாட நேரம் போதவில்லை. அந்தப் பதிலை இங்கே சற்று விரிவாக எழுத முற்படுகிறோம்.

நம் மாணவர்களுக்கு ஷைகுல் ஹிந்த் மௌலானா மஹ்மூதுல் ஹஸன் (ரஹ்) அவர்களைத் தெரியும். தேவ்பந்தின் அந்த முதிய ஆசிரியர் மால்டாத் தீவில் சிறையிருந்ததும் தெரியும். ஆனால் மால்டாவுக்கும் டெல்லிச் சட்டசபையில் நடந்த ஒரு விவாதத்துக்கும் உள்ள தொடர்பை நம் பாடநூல்கள் சொல்வதில்லை. பள்ளிக்கூடப் பாடநூலில் ரௌலட் சட்டம் என்றொரு வரி வரும். மதரஸாப் பாடத்தில் மால்டா என்றொரு வரி வரும். இரண்டும் ஒரே கதையின் இரு ஓரங்கள் என்பதை எவரும் சேர்த்துக் காட்டுவதில்லை.

1915 மார்ச்சில், முதல் உலகப் போரைக் காரணம் காட்டி, இந்தியப் பாதுகாப்புச் சட்டம் இயற்றப்பட்டது. சந்தேகத்துக்குரிய எவரையும் விசாரணையின்றி ஓரிடத்தில் தங்கவைக்கவும், மூன்று ஆணையர்களைக் கொண்ட தனி நீதிமன்றத்தில் மேல்முறையீடின்றித் தண்டிக்கவும் அச்சட்டம் வழிசெய்தது. மௌலானா முஹம்மது அலியும் ஷௌகத் அலியும் அவ்வாண்டே காவலில் வைக்கப்பட்டனர். சிந்த்வாராவில் அவர்கள் கழித்த ஆண்டுகள் நாடறிந்தவை. மௌலானா அபுல் கலாம் ஆஸாத் 1916இல் ராஞ்சியில் வைக்கப்பட்டார். நம் சென்னை மாகாணத்தில் 1917 ஜூனில் அன்னி பெசன்ட் அம்மையார் உதகமண்டலத்தில் வைக்கப்பட்டதும் இதே அதிகாரத்தால்தான். இவர்களில் எவர் மீதும் ஒரு நீதிபதி முன்னால் குற்றம் சாட்டப்படவில்லை.

ஷைகுல் ஹிந்த் அவர்களின் செய்தி சற்று வேறுபட்டது. அவர்கள் 1915இல் ஹிஜாஸ் சென்றிருந்தார்கள். அவர்களுடைய மாணவர் மௌலானா உபைதுல்லாஹ் சிந்தி காபூலில் இருந்தார். 1916 ஜூலையில் காபூலிலிருந்து ஹிஜாஸுக்கு அனுப்புவதற்காக மஞ்சள் பட்டுத் துணியில் எழுதப்பட்ட கடிதங்கள் வழியிலேயே ஆங்கிலேயர் கையில் சிக்கின. மக்காவின் ஷரீஃப் துருக்கியருக்கு எதிராகக் கிளர்ந்தெழுந்த ஆண்டு அது. துருக்கியரைப் பழிக்கும் ஃபத்வாவில் ஒப்பமிட ஷைகுல் ஹிந்த் மறுத்தார்கள். அவ்வாண்டு இறுதியில் ஷரீஃபின் ஆட்கள் அவர்களைப் பிடித்து ஆங்கிலேயரிடம் ஒப்படைத்தனர். எகிப்தில் விசாரணை நடந்தது. பின்னர் 1917 பிப்ரவரியில் மால்டா. உடன் சென்றவர்களில் மௌலானா ஹுஸைன் அஹ்மது மதனி (ரஹ்) ஒருவர். ஹகீம் நுஸ்ரத் ஹுஸைன் என்ற மற்றொருவர் அந்தத் தீவிலேயே மரணமுற்றார். திருக்குர்ஆனின் உர்தூ மொழிபெயர்ப்பை ஷைகுல் ஹிந்த் நிறைவு செய்தது அந்தச் சிறைவாசத்தில்தான்.

இங்கே ஒன்றை ஒளிக்காமல் சொல்ல வேண்டும். பட்டுக் கடிதங்கள் கட்டுக்கதையல்ல. ஆங்கில ஆட்சியை அகற்ற வெளிநாட்டு உதவியை நாடும் திட்டம் உண்மையாகவே இருந்தது. அதனை நாம் பெருமையுடன்தான் நினைவுகூர்கிறோம். வங்காளத்திலும் பஞ்சாபிலும் வெடிகுண்டுகளும் கொலைகளும் இருந்தன. ஆகவே அரசின் அச்சம் முழுவதும் கற்பனை என்று சொல்லிவிட்டு நகர்வது வரலாற்றுக்கு நியாயம் செய்வதாகாது. நாம் பார்க்க வேண்டியது வேறு. சதி செய்தவர் இவர்தாம் என்று யார் தீர்மானிப்பது, எதைக் கொண்டு தீர்மானிப்பது?

போர் முடிந்து ஆறு மாதங்களில் பாதுகாப்புச் சட்டம் காலாவதியாகிவிடும். அதன் பிறகு என்ன செய்வதென்று ஆராய 1917 டிசம்பரில் ஒரு குழு அமைக்கப்பட்டது. இங்கிலாந்தின் நீதிபதி சிட்னி ரௌலட் தலைவர். உறுப்பினர் நால்வரில் இந்தியர் இருவர்: கல்கத்தா வழக்கறிஞர் பிரவாஷ் சந்திர மித்தர் ஒருவர், சென்னை உயர் நீதிமன்ற நீதிபதி சி.வி. குமாரசுவாமி சாஸ்திரி மற்றவர். பெரும்பாலும் கல்கத்தாவிலும், சில அமர்வுகள் லாகூரிலுமாகக் குழு கூடியது. அமர்வுகள் மூடிய கதவுக்குள் நடந்தன. குழுவின் முன் வைக்கப்பட்டவை பெரும்பாலும் அரசின் ஆவணங்களும் அதிகாரிகளின் வாக்குமூலங்களுமே. சந்தேகிக்கப்பட்டவர் தரப்பில் குறுக்கு விசாரணை செய்ய எவரும் இல்லை. 1918 ஏப்ரலில் அறிக்கை ஒப்படைக்கப்பட்டது. அதில் முஸ்லிம்களைப் பற்றியே ஓர் அத்தியாயம் உண்டு. தேவ்பந்தும், உபைதுல்லாஹ் சிந்தியும், மஹ்மூதுல் ஹஸனும், பட்டுக் கடிதங்களும் அதில் விரிவாக இடம்பெற்றுள்ளன. புதிய சட்டம் வேண்டும் என்ற வாதத்துக்கு ஆதாரமாகத் தரப்பட்டவற்றுள், விசாரணையின்றி மால்டாவில் இருந்த ஓர் ஆலிமின் பெயரும் இருந்தது.

1919 பிப்ரவரி 6ஆம் நாள், டெல்லியில் இம்பீரியல் சட்டசபையில் உள்துறை உறுப்பினர் சர் வில்லியம் வின்சென்ட் இரண்டு மசோதாக்களை முன்வைத்தார். முதலாவது, தண்டனைச் சட்டத்தைத் திருத்துவது. அரசுக்கு எதிரான ஓர் ஆவணத்தை வெளியிடும் எண்ணத்துடன் வைத்திருந்தாலே குற்றமாகும் என்றது. இரண்டாவதுதான் பின்னர் சட்டமானது. அதன்படி, அரசு அறிவிக்கும் பகுதிகளில் மூன்று உயர் நீதிமன்ற நீதிபதிகள் ஜூரி இன்றி வழக்கை விசாரிப்பர். மூடிய அறையிலும் விசாரிக்கலாம். அவர்களின் தீர்ப்புக்கு மேல்முறையீடு கிடையாது. வழக்கே தொடராமல், ஒருவரை ஓரிடத்தை விட்டு நகரக்கூடாதென்றும், காவல் நிலையத்தில் வந்து தெரிவிக்க வேண்டுமென்றும், ஜாமீன் தர வேண்டுமென்றும் அரசு ஆணையிடலாம். நிலைமை முற்றியதாக அரசு கருதினால் பிடியாணையின்றிக் கைதும் செய்யலாம், காவலிலும் வைக்கலாம். இவ்வாறு கட்டுப்படுத்தப்பட்டவரின் விவகாரத்தை ஒரு சிறு விசாரணைக் குழு பார்க்கும். அக்குழு சாட்சியச் சட்ட விதிகளுக்குக் கட்டுப்பட்டதன்று. அதன் முன்னால் அவருக்காக வழக்கறிஞர் வாதாட முடியாது. தெருமுழக்கத்தின் வக்கீலும் தலீலும் அப்பீலும் இந்தப் பிரிவுகளிலிருந்து பிறந்தவையே.

அந்த மன்றத்தின் அமைப்பையும் அறிந்துகொள்ள வேண்டும். இன்று டெல்லி சட்டமன்றம் இயங்கும் பழைய செயலகக் கட்டடத்தில்தான் அந்தச் சபை கூடியது. வைஸ்ராய் செம்ஸ்ஃபோர்டு தலைமை வகித்தார். 1909ஆம் ஆண்டின் சீர்திருத்தப்படி இந்தியர் சிலர் தேர்ந்தெடுக்கப்பட்டு வந்தாலும், அதிகாரிகளின் பெரும்பான்மை சட்டத்தாலேயே உறுதி செய்யப்பட்டிருந்தது. பேசலாம், கேள்வி கேட்கலாம், திருத்தம் கொண்டுவரலாம். வெல்ல முடியாது. உள்ளே அமர்ந்திருந்த ஒவ்வோர் இந்திய உறுப்பினருக்கும் பேசத் தொடங்கும் முன்பே முடிவு தெரியும்.

தெரிந்தும் பேசினார்கள். வித்தல்பாய் படேல் மசோதாவை ஒத்திவைக்கக் கோரினார். மதன் மோகன் மாளவியா பிரிவு பிரிவாக எதிர்த்தார். பம்பாய் முஸ்லிம்களின் பிரதிநிதியாக முஹம்மது அலி ஜின்னா எழுந்தார். பிற்காலத்து ஜின்னாவை நினைத்துக்கொண்டு அன்றைய ஜின்னாவைப் பார்ப்பது நம்மவரிடமும் பிறரிடமும் உள்ள பழக்கம். 1919இன் ஜின்னா காங்கிரஸிலும் முஸ்லிம் லீகிலும் ஒருசேர மதிக்கப்பட்ட, சட்டத்துக்கு அப்பால் ஓரடியும் வைக்காத வழக்கறிஞர். நீதிமன்றத்தில் நிறுத்தி விசாரிக்காமல் ஒரு மனிதனின் சுதந்திரத்தை ஒரு நிமிடம் கூடப் பறிக்கலாகாது என்பதும், போர்க்காலத்தில் பொறுத்துக்கொண்டதை அமைதிக்காலத்தில் நாகரிக நாடு எதுவும் ஏற்காது என்பதும் அவருடைய வாதத்தின் சாரம். இச்சட்டம் நிறைவேறினால் இதுவரை காணாத கொந்தளிப்பை நாடு காணும் என்றும் அவர் எச்சரித்தார். அரசுத் தரப்பு அதனை மிரட்டலாக எடுத்துக்கொண்டது. இரண்டே மாதங்களில் அது நடந்தது.

அந்த விவாதத்தில் நாம் மீண்டும் மீண்டும் திரும்பிச் செல்வது மற்றொருவரின் உரைக்கு. பிப்ரவரி 7ஆம் நாள் பேசிய வி.எஸ். சீனிவாச சாஸ்திரி, கும்பகோணத்துக்கு அருகிலுள்ள வலங்கைமானில் பிறந்தவர். திருவல்லிக்கேணியில் பள்ளித் தலைமையாசிரியராக இருந்தவர். கோகலேவுக்குப் பின் இந்திய ஊழியர் சங்கத்தின் தலைவரானவர். ரௌலட் குழுவில் கையெழுத்திட்டவர் சென்னை மாகாணத்து சாஸ்திரி ஒருவர். அதன் பரிந்துரையை எதிர்த்து முழங்கியவர் அதே மாகாணத்தின் மற்றொரு சாஸ்திரி. இந்த இரண்டாமவர் தீவிரவாதியல்லர், மிதவாதிகளிலும் மிதவாதி. ஆங்கில ஆட்சியுடன் ஒத்துழைத்தே உரிமை பெற முடியும் என்று நம்பியவர். காந்தியடிகளின் சத்தியாக்கிரகத்தைக் கூட அவர் ஏற்கவில்லை. அப்படிப்பட்டவர் எழுந்து பேசியதுதான் அந்த உரைக்குக் கனத்தைத் தந்தது.

அவருடைய வாதத்தை நம் சொற்களில் சுருக்கினால் இவ்வாறு வரும். அரசு சொல்கிறது, நிரபராதி அஞ்ச வேண்டியதில்லை என்று. ஆனால் ஒரு கெட்ட சட்டம் ஒருமுறை நிறைவேறிவிட்டால் அது கெட்டவர்கள் மீது மட்டுமே பாயும் என்பதற்கு உறுதி கிடையாது. பீதி நிறைந்த காலங்களில் அரசுகள் நிதானம் இழக்கின்றன. அப்போது நிரபராதி என்ற சொல்லின் பொருளே சுருங்கிவிடுகிறது. பொதுக் காரியங்களில் தலையிடாமல், வீட்டுக்குள் ஒதுங்கி, பிரார்த்தனையை முணுமுணுத்து, வரியைச் செலுத்தி, எதிர்ப்படும் அதிகாரிக்கெல்லாம் சலாம் வைப்பவன் மட்டுமே நிரபராதி ஆகிறான். அரசியல் பேசுபவன், பொதுக்கூட்டத்தில் உரையாற்றுபவன், பொதுக் காரியத்துக்கு நிதி திரட்டுபவன் எல்லாரும் சந்தேகத்தின் எல்லைக்கோட்டில் நிற்கிறார்கள். தாமும் அந்தக் கோட்டில் நிற்பவரே என்று அந்த மிதவாதி சபையில் சொன்னார்.

நிதி திரட்டுபவன் என்ற இடத்துக்கு வரும்போதெல்லாம் நாம் சற்று நின்றுவிடுகிறோம். ரசீதுப் புத்தகத்தைக் கையில் வைத்துக்கொண்டு ரமளானில் ஊர் ஊராகச் செல்லும் நம் போன்றோர் எந்தப் பக்கம் நிற்கிறோம்? சில ஆண்டுகளுக்கு முன் ஒரு காலைப்பொழுதில் சாதாரண உடையில் ஒரு காவலர் நம் மதரஸாவுக்கு வந்தார். மரியாதையாகவே பேசினார், தேநீரும் அருந்தினார். வெளிமாநில மாணவர்களின் பெயரும் முகவரியும், ஓரளவு பெரிய தொகை தரும் நன்கொடையாளர்களின் பட்டியலும் வேண்டுமென்றார். எந்தச் சட்டத்தின் கீழ் என்று கேட்டோம். மேலிடத்து உத்தரவு என்றார். எழுத்தில் ஏதேனும் உண்டா என்று கேட்க வாய் வரவில்லை. எழுதிக் கொடுத்தோம். அன்று வந்தவர் மீது நமக்கு மனவருத்தம் இல்லை. அவருக்கும் ஒரு பதிவேட்டை நிரப்ப வேண்டியிருந்திருக்கும். ஆனால் பீஹாரிலிருந்து வந்திருந்த பதினான்கு வயது மாணவர் ஒருவர், “நம் பெயரை ஏன் ஹஜ்ரத் எழுதிக்கொண்டு போகிறார்கள்?” என்று அன்றிரவு கேட்டதற்கு நம்மிடம் பதில் இல்லை.

காந்தியடிகள் அப்போதுதான் நோயிலிருந்து மீண்டிருந்தார். இந்த மசோதா விவாதத்தைக் கேட்கச் சபைக்கு வந்து பார்வையாளர் இடத்தில் அமர்ந்திருந்தார். சட்டசபை நடவடிக்கையை நேரில் பார்த்தது வாழ்நாளில் அந்த ஒருமுறைதான் என்று பின்னர் தன் வரலாற்றில் எழுதினார். சாஸ்திரியாரின் உரையை வைஸ்ராய் மெய்மறந்து கேட்டுக்கொண்டிருந்ததைப் போலத் தோன்றியதாம். ஆனால் உறங்குபவனைத்தான் எழுப்பலாம், உறங்குவதாகப் பாசாங்கு செய்பவனை எழுப்ப முடியாது என்ற கருத்தையும் அங்கேயே பதிவு செய்திருக்கிறார். நம் தாய்மார்கள் அடிக்கடி சொல்லும் பழமொழிதான் அது.

மாணவரின் கேள்விக்கு ஃபிக்ஹின் வழியாகவும் பதில் சொல்ல வேண்டியிருந்தது. குற்றம் சாட்டுபவர் மீதே ஆதாரம் காட்டும் பொறுப்பு என்பது நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் வகுத்த நெறி. அலீ (ரலி) அவர்களை யமனுக்கு நீதி வழங்க அனுப்பியபோது, ஒரு தரப்பைக் கேட்டதும் தீர்ப்பளித்துவிடாமல் மற்றத் தரப்பையும் கேட்கும்படி பணித்தார்கள். சந்தேகம் எழுந்தால் ஹத்துத் தண்டனையைத் தவிர்க்க வேண்டும் என்பது ஃபுகஹாக்கள் ஒருமித்து எடுத்தாண்ட விதி. சூரத்துல் ஹுஜுராத்தின் 12ஆம் வசனம், மிகுதியான சந்தேகத்தையும் பிறர் குறைகளைத் துருவித் தேடுவதையும் ஒருசேரத் தடுக்கிறது. அங்கே சந்தேகம் மனிதனைக் காக்கும் கேடயம். ரௌலட் சட்டத்திலோ அது மனிதனைப் பிடிக்கும் கயிறு. வகுப்பில் இதைச் சொன்னபோது மாணவர்கள் முகத்தில் ஒரு பெருமிதம் தெரிந்தது. அதை அப்படியே விட்டுவிட மனம் வரவில்லை. இமாம் அபூஹனீஃபா (ரஹ்) அவர்களைச் சிறையில் அடைத்தவர் ஒரு முஸ்லிம் கலீஃபா. இமாம் அஹ்மது இப்னு ஹன்பல் (ரஹ்) அவர்களைச் சாட்டையால் அடித்ததும் முஸ்லிம் ஆட்சியே. இமாம் ஸரக்ஸீ (ரஹ்) தம் மாபெரும் நூலான மப்ஸூத்தைச் சிறைக்குழியிலிருந்து மேலே அமர்ந்திருந்த மாணவர்களுக்குச் சொல்லி எழுதவைத்தார்கள் என்பதை நாம் அறிவோம். அதிகாரம் கையில் வந்ததும் தலீலை மறப்பது வெள்ளைக்காரனுக்கு மட்டும் உரிய நோயன்று என்று சொன்னோம். வகுப்பு சற்று அமைதியாயிற்று.

மசோதாக்கள் தேர்வுக் குழுவுக்குச் சென்று திரும்பின. முதல் மசோதா சட்டமாகவில்லை, கைவிடப்பட்டது. இரண்டாவதற்கு மூன்றாண்டு ஆயுள் வரம்பு விதிக்கப்பட்டது. புரட்சி மற்றும் அராஜகக் குற்றங்களுக்கு மட்டுமே உரியது என்பது தலைப்பிலேயே சேர்க்கப்பட்டது. தோற்கும் தரப்பு பேசியதால் கிடைத்த பலன் இவ்வளவே. சிலர் இதனைச் சொற்பம் என்பர். நாம் அவ்வாறு கருதவில்லை. மூன்றாண்டு என்ற வரம்பு, இது நிரந்தரமாக இருக்கத் தகாதது என்று அரசின் வாயாலேயே ஒப்புக்கொள்ளச் செய்ததற்குச் சமம்.

மார்ச் 18ஆம் நாள் மசோதா நிறைவேறியது. இந்தியப் பிரதிநிதிகள் கொண்டுவந்த திருத்தங்கள் ஒன்றன்பின் ஒன்றாகத் தோற்கடிக்கப்பட்டன. அதே நாள்களில் காந்தியடிகள் சென்னையில் ராஜாஜியின் விருந்தினராக இருந்தார். நாடெங்கும் ஒருநாள் கடையடைத்து நோன்பிருக்கும் எண்ணம் தமக்குக் கனவில் தோன்றியதாக ஒரு விடியற்காலையில் ராஜாஜியிடம் அவர் சொன்னது சென்னைக் கதீட்ரல் சாலை வீட்டில்தான். அந்தப் பயணத்திலேயே தஞ்சை, திருச்சி, மதுரை, தூத்துக்குடி, நாகப்பட்டினம் என்று அவர் சென்று பேசினார். மார்ச் 28ஆம் நாள் ஜின்னா தம் சபை உறுப்பினர் பதவியைத் துறந்து வைஸ்ராய்க்கு எழுதினார். மக்கள் பிரதிநிதிகள் ஒருமித்து எதிர்த்ததை அதிகாரிகளின் வாக்கால் நிறைவேற்றும் சபையைச் சட்டமன்றம் என்று அழைப்பதில் பொருளில்லை என்பது அக்கடிதத்தின் கருத்து. பீஹார் முஸ்லிம்களின் பிரதிநிதி மஸ்ஹருல் ஹக்கும் மாளவியாவும் பதவி விலகினர். சாஸ்திரியார் விலகவில்லை. உள்ளே இருந்தே போராட வேண்டும் என்பது அவர் கொள்கை. இருவருள் எவர் செய்தது சரி என்று மாணவர்கள் வெகுநேரம் வாதிட்டார்கள், நாம் குறுக்கிடவில்லை.

அதன் பிறகு நடந்தவை பெரும்பாலோர் அறிந்தவை. மார்ச் 30ஆம் நாள் டெல்லியில் துப்பாக்கிச் சூடு. ஏப்ரல் 4ஆம் நாள் ஜும்ஆ மஸ்ஜிதின் மிம்பரிலிருந்து ஆரிய சமாஜத்துத் துறவி சுவாமி சிரத்தானந்தர் மக்களிடம் பேசினார். அதற்கு முன்னும் பின்னும் அப்படி ஒரு காட்சி அரிது. ஏப்ரல் 6ஆம் நாள் நாடு தழுவிய கடையடைப்பு. ஏப்ரல் 10ஆம் நாள் அமிர்தசரஸில் டாக்டர் சைஃபுத்தீன் கிச்சலூவும் டாக்டர் சத்யபாலும் ஊரிலிருந்து வெளியேற்றப்பட்டனர். ஏப்ரல் 13ஆம் நாள் ஜாலியன்வாலா பாக். அரசுக் கணக்கிலேயே 379 உயிர்கள்.

பாடநூலில் விடுபடும் ஒரு செய்தி உண்டு. கிச்சலூவையும் சத்யபாலையும் பிடித்தது புதிய ரௌலட் சட்டத்தின் கீழ் அல்ல. காலாவதியாகவிருந்த பழைய பாதுகாப்புச் சட்டத்தின் கீழ். இத்தனை விவாதித்து, இத்தனை எதிர்ப்பை மிதித்து நிறைவேற்றிய சட்டத்தை அரசு ஒருமுறையேனும் பயன்படுத்தவில்லை. இந்தச் சட்டம் இல்லாவிட்டால் நாட்டை ஆளவே முடியாது என்று பிப்ரவரியில் சொன்னவர்கள், அதன் துணையின்றியே மூன்றாண்டுகள் ஆண்டார்கள். அடக்குமுறைச் சட்டங்களை ஆராய தேஜ் பகதூர் சப்ருவின் தலைமையில் 1921இல் அமைந்த குழு அதனை நீக்கப் பரிந்துரைத்தது. 1922இல் அது நீக்கப்பட்டது. ஷைகுல் ஹிந்த் அவர்கள் 1920 ஜூனில் விடுவிக்கப்பட்டு பம்பாயில் வந்திறங்கினார்கள். மூன்றாண்டுக்கும் மேலாகச் சிறையிலிருந்த அவர்களுக்கு எதிராக எந்த நீதிமன்றத்திலும் ஒரு குற்றச்சாட்டும் படிக்கப்படவில்லை. உடல் நலிந்திருந்தது. அவ்வாண்டு நவம்பர் 30ஆம் நாள் டெல்லியில் வஃபாத்தானார்கள்.

ஆங்கிலேயர் காலத்தோடு இது முடிந்திருந்தால் வரலாற்றுப் பாடமாகவே வைத்துக்கொள்ளலாம். 2002இல் பொடா எனப்படும் பயங்கரவாதத் தடுப்புச் சட்டம் வந்தபோது மாநிலங்களவை அதனைத் தோற்கடித்தது. உடனே இரு அவைகளின் கூட்டுக் கூட்டம் கூட்டப்பட்டு, மார்ச் 26ஆம் நாள் 425க்கு 296 என்ற வாக்குகளில் அது நிறைவேறியது. காவல் அதிகாரியிடம் தரும் வாக்குமூலத்தைச் சான்றாக ஏற்கலாம் என்றது அச்சட்டம். அதற்கும் மூன்றாண்டு வரம்பு. இம்முறை வாக்களித்தவர்கள் அந்நிய அதிகாரிகள் அல்லர். நாம் வரிசையில் நின்று தேர்ந்தெடுத்த உறுப்பினர்கள். அதனை ஆதரித்தவர்களுள் அன்று ஆளுங்கூட்டணியில் இருந்த ம.தி.மு.க.வும் ஒன்று. அதே ஆண்டு ஜூலையில், திருமங்கலத்தில் பேசிய ஒரு பேச்சுக்காக அக்கட்சியின் தலைவர் வைகோ அவர்களே பொடாவில் கைதாகி வேலூர்ச் சிறையில் பத்தொன்பது மாதங்கள் இருந்தார். கெட்ட சட்டம் கெட்டவர் மீது மட்டும் பாயாது என்று வலங்கைமான் ஆசிரியர் சொல்லி அப்போது 83 ஆண்டுகள் ஆகியிருந்தன. வைகோ அவர்களைப் பழித்து இதனை எழுதவில்லை. சிறையிலிருந்தபடியே அவர் அச்சட்டத்தை உச்ச நீதிமன்றம் வரை எதிர்த்ததையும் நாடு அறியும். பொடா 2004இல் நீக்கப்பட்டது.

இன்னும் அண்மையில், தண்டனைச் சட்டம், குற்றவியல் நடைமுறைச் சட்டம், சாட்சியச் சட்டம் ஆகிய மூன்றுக்கும் பதிலான புதிய சட்டங்கள் 2023 டிசம்பர் 20ஆம் நாள் மக்களவையிலும் மறுநாள் மாநிலங்களவையிலும் நிறைவேறி, 2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்தன. காவல் துறை ஒருவரைத் தன் காவலில் எடுக்கும் 15 நாள்களை முன்பு முதல் 15 நாள்களுக்குள் முடிக்க வேண்டும். இப்போது குற்றத்தின் தன்மைக்கேற்ப முதல் 40 அல்லது 60 நாள்களுக்குள் பகுதி பகுதியாகக் கேட்கலாம். அந்தச் சட்டங்களில் நல்லவையும் உண்டு, ஐயத்துக்குரியவையும் உண்டு. அவற்றை எடைபோட வேண்டியவர்கள் சட்டம் படித்தவர்கள். நம் மனத்தில் உறுத்துவது மற்றொன்று. அந்தக் கூட்டத்தொடரில் இரு அவைகளிலுமாக 146 எதிர்க்கட்சி உறுப்பினர்கள் இடைநீக்கம் செய்யப்பட்டிருந்தார்கள். 1919இல் தோற்கப்போகிறவர்களுக்கு எழுந்து பேசும் இடமாவது இருந்தது. வெள்ளை அதிகாரி வின்சென்ட், ஜின்னாவின் உரை முடியும் வரை உட்கார்ந்து கேட்டாக வேண்டியிருந்தது.

பாடம் முடிந்து மணி அடித்த பிறகு, அந்த முன்வரிசை மாணவர் மேசையருகே வந்தார். சாஸ்திரியாரின் உரை எங்கே கிடைக்கும் என்று கேட்டார். ஆங்கிலத்தில்தான் இருக்கிறது, முழுதாகப் படிக்க நாளாகும் என்றோம். பரவாயில்லை என்றார். இப்போது அஸருக்குப் பின் நாள்தோறும் அரைமணி நேரம், அகராதியை மடியில் வைத்துக்கொண்டு, இருவருமாகப் படித்து வருகிறோம். நிரபராதி யார் என்று அவர் கேட்கும் இடத்தை இன்னும் எட்டவில்லை.